நான்கு கயிறு, மூன்று மாடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு கடைசியில் கிள்ளானில் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்தது. பக்கிரிசாமியின் கொட்டகையில் ஐந்து கறவை நின்றது. ஒன்பது நாளில் ஐந்தும் போய்விட்டது. சர்க்கார் ஆள் வந்து குழி வெட்டச் சொல்லி, சுண்ணாம்பு கொட்டி, கொட்டகையின் அத்தாப்பு ஓலைக் கூரையையும் கொளுத்திவிட்டுப் போனான். அடுத்த வீட்டுக்காரன் நான். எனக்கு இருந்தது ஒரு புல்வண்டியும் இரண்டு எருதும். நோய் என்று காதில் விழுந்ததும் எருதுகளை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஓட்டிப்போய்க் கட்டிவிட்டேன். பக்கிரிசாமி அதையும் சந்தேகப்பட்டார். நோய் வருவது உனக்கு எப்படி முன்னாலேயே தெரியும் என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார்.  என்ன சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார்.

அந்த வீட்டுச் சோறு எஸ்டேட் ஆசுபத்திரிக்கு ஊற்றுகிற பாலில் வெந்த சோறு. தினம் முப்பது போத்தல். ஆசுபத்திரியில் டாக்டர் மாதம் ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் டிரஸர்தான் ராஜா. ஊசி போடுவதும் அவர், மருந்து கலக்குவதும் அவர், பால் வாங்குவதும் அவர். மாடு செத்ததைச் சொல்லி அழப்போன பக்கிரிசாமியிடம் அவர் கறாராகச் சொல்லிவிட்டார். பிப்ரவரி முதல் தேதி காலையில் பால் வந்தால் பழையபடி நீ, வராவிட்டால் இப்போது ஊற்றுகிற காப்பார் ரோட்டுக்காரனுக்கே நிரந்தரமாக எழுதிவிடுவேன் என்றார். முதல் தேதி முப்பதும் வேண்டாம், பத்துப் போத்தல் வந்தாலும் பெயரை வைத்திருப்பேன் என்றும் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் இரக்கம் இல்லை.

பக்கிரிசாமி பால் தூக்கிக்கொண்டு போகிறவர், பேசுகிறவர். மாட்டைப் பார்த்தது முழுக்க அவர் சம்சாரம் பவுனம்மாள்தான். நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, புல் அறுத்து, பிண்ணாக்கு ஊறவைத்து, கறந்து, ஏனம் கழுவி வைக்கிறவள் அவள். ஒட்டின கன்னம், நீண்ட கை. அதிகம் பேசமாட்டாள். அவளும் யாரையும் நம்புகிறவள் இல்லை. ஆனால் அவர் நம்பாதது ஊருக்கெல்லாம் தெரியும். அவள் நம்பாதது அவள் கண்ணை மட்டும் பார்த்தால் தெரியும்.

கிள்ளானில் மாடு வாங்க முடியாது. மிச்சம் மாடே இல்லை. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வரை போய்ப் பார்த்தோம். அங்கே ஒரு கிழட்டு மாட்டுக்கு யானை விலை சொன்னார்கள். கடைசியில் நாகப்பட்டினத்துச் சரக்குக்குத்தான் வரவேண்டியதாயிற்று. அங்கே ஒரு மாட்டு வியாபாரி, இங்கே கப்பலில் மாடு அனுப்புகிறவன். அவனுடைய ஆள் நாகையா. மாட்டோடு மாடாகக் கப்பல் தளத்தில் படுத்து வருவான், விற்றுவிட்டுப் போவான், மறுபடி வருவான். பல் வரிசையாக இருக்கும். சிரித்துக்கொண்டே பேசுவான். எனக்கு அப்படிச் சிரிக்கிறவனைக் கண்டால் ஆகாது.

நாலு சினை மாடு என்று பேச்சு. பாதி விலை முன்னாலேயே, மீதி மாடு கப்பல் ஏறுமுன். அதற்குப் பவுனம்மாள் கழுத்துச் சங்கிலி போயிற்று. நாகையா இங்கிலீஷில் அடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினான். பக்கிரிசாமி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முதலில் நீ போடு என்றார். நாகையா ஸ்டைலாகக் கையெழுத்துப் போட்டான். பக்கிரிசாமி ஒப்பவில்லை. கையெழுத்தை நாளைக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், ரேகையை மாற்ற முடியாது என்று சொல்லி அவனையும் கட்டைவிரல் வைக்கச் சொன்னார். இரண்டு ரேகை பக்கத்தில் பக்கத்தில் விழுந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க மட்டும் யாரையும் கூப்பிடவில்லை. படிக்கிறவனை எப்படி நம்புவது என்று கேட்டார்.

அதற்கப்புறம் அவருக்குத் தூக்கம் போயிற்று. நல்ல மாட்டைக் காட்டி நோஞ்சான் மாட்டை ஏற்றிவிடுவான் என்று ஒரே பயம். அப்போதுதான் அந்த வேலையைச் செய்தார். தேங்காய் நார் வாங்கிவந்து நாலு கழுத்துக்கயிறு திரிக்கச் சொன்னார். பவுனம்மாள் தன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து ஒவ்வொரு புரியிலும் ஒரு இழை விட்டு முறுக்கினாள். கயிற்றைப் பார்த்தாலே நம் கயிறு என்று தெரியவேண்டும். அந்த நாலையும் ஊருக்குப் போகிற ஒருவர் மூலம் பவுனம்மாளின் தம்பிக்கு அனுப்பி, மாட்டை நீயே போய்ப் பொறுக்கி, கப்பல் ஏறுமுன்னே நம் கயிற்றை நீயே கட்டு என்று சொல்லியனுப்பினார்.

மாட்டுக்காரர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மாட்டை விற்கிறவன் தன் கயிற்றை வெட்டாமல் அவிழ்த்துக்கொண்டுதான் மாட்டைக் கொடுப்பான். கயிறோடு கொடுத்தால் பட்டியில் இருக்கிற லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று நினைப்பு. வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து போடவேண்டும். போட்டுவிட்டால் மாடு அவனுடையது. அப்புறம் வாசலில் விழுந்து செத்தாலும் அவனுடையதுதான். இது எங்கேயும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் இதை மீறினவனை நான் பார்த்ததில்லை. நானும் அப்போது யோசிக்கவில்லை. நல்ல யோசனை என்றே நினைத்தேன்.

தம்பி கடுதாசி போட்டான். நாலு மாடு பொறுக்கிக் கட்டிவிட்டேன், இரண்டு கருப்பு, செந்நிறத்தில் ஒரு சிவலை, சாம்பல் நிறத்தில் ஒரு மயிலை. மயிலைதான் மகராசி, மடியைப் பார்த்தாலே தெரியும் என்று எழுதியிருந்தான். பவுனம்மாள் அந்தக் கடுதாசியை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

ஜனவரி பதினெட்டாம் தேதி கப்பல் வந்தது. கிள்ளானிலிருந்து போர்ட் சுவெட்டன்ஹாம் ஐந்து மைல். என் வண்டியில்தான் போனோம். இரவெல்லாம் பெய்த மழையில் ரோடு சேறு. துறைமுகத்தில் மாட்டை இறக்கினதும் நேரே கொரண்டைன் பட்டிக்கு ஓட்டிவிடுவார்கள். நோய் இருக்கிறதா என்று பத்து நாள் அடைத்து வைத்துப் பார்க்கிற இடம். கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்கமுடியும். சிவப்பு இழை ஓடின கயிற்றைத் தேடினோம். ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கருப்பு இருந்தது. சிவலை இருந்தது. சிவலையின் காலடியில் இரண்டு நாள் கன்று ஒன்று நடுங்கிக்கொண்டு நின்றது. கிடாரி. மயிலையைக் காணோம்.

நாகையா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். பினாங்கைத் தாண்டின அன்று ராத்திரி மயிலை வயிறு உப்பிச் செத்துவிட்டது, நாறிவிடும் என்று கப்பல் கலாசிகள் கடலில் தள்ளிவிட்டார்கள் என்றான். அத்தாட்சி வேண்டுமே என்று கயிற்றை மட்டும் எடுத்து வைத்தேன் என்று சொல்லி, இடுப்பில் சொருகியிருந்த சிவப்பு இழைக் கயிற்றை எடுத்துக் காட்டினான். கொடுக்கவில்லை. காட்டிவிட்டு மறுபடி சொருகிக்கொண்டான்.

பக்கிரிசாமி கத்த ஆரம்பித்தார். செத்த மாட்டுக்கு வேறு மாடு கொடு என்றார். நாகையா குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணே, மாட்டுக்காரர் நீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா? நாகப்பட்டினத்துலயே உங்க கயிறு விழுந்துடுச்சு. அப்புறம் அது எங்க முதலாளி மாடா, உங்க மாடா?"

 பக்கிரிசாமி கன்றைக் காட்டி, அதுவாவது என்னுடையதுதானே என்றார். நாகையா சிரித்தான். காகிதத்தில் நாலு தலை என்றுதான் எழுதியிருக்கிறது, கன்று என்று எங்கே இருக்கிறது, கப்பலில் பிரசவம் பார்த்தது நான், பாசார் சந்தையில் கேட்கிறவன் இருக்கிறான் என்றான்.

 பவுனம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கன்றையே பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். நம் நாட்டு மாடு கன்று முட்டாமல் பால் சுரக்காது. கன்றை எடுத்துவிட்டால் சிவலை காலை உதறிவிட்டு வெறும் மடியோடு நிற்கும். இரண்டு கருப்பும் கன்று போட இன்னும் இரண்டு மாதம் ஆகும். அந்தக் கன்று போனால் முதல் தேதி ஆசுபத்திரிக்கு ஒரு போத்தல் பால் கிடையாது.

திரும்பி வருகிற வழியெல்லாம் பக்கிரிசாமி பேசிக்கொண்டே வந்தார். தம்பிக்காரன் காசு வாங்கியிருப்பான் என்றார். கலாசிகளும் கூட்டு என்றார். நடுவில் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். வீட்டில் அன்று கருவாட்டுக் குழம்பும் மரவள்ளிக்கிழங்கும். அவர் தட்டைத் தள்ளிவிட்டார். பவுனம்மாள் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு அந்தக் காகிதத்தைப் படிக்கிற ஆளைப் பாருங்கள் என்று என்னிடம் சொன்னாள்.

துறைமுகத்தில் இறங்குகிற சரக்கை எண்ணி எழுதுகிற கிராணி ஒருவர் இருந்தார், இக்னேஷியஸ் என்று. அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் வீட்டில் இருப்பார். பக்கிரிசாமிக்கு அவர் மேலும் சந்தேகம். நாகையாவோடு ஒரே மேசையில் கோப்பி குடித்ததைக் கண்ணால் கண்டேன் என்றார். இருந்தாலும் ஞாயிறு காலை ரயில் ஏறிப் போனோம். பூசை முடிந்து அவர் வருகிறவரை ரயில்வே லைன் வீட்டு வாசலில் நின்றோம். அவர் மனைவி சாந்தமேரி கோப்பி கொடுத்தாள். பக்கிரிசாமி வாங்கி, பக்கத்தில் வைத்துவிட்டார். நான் குடித்தேன்.

இக்னேஷியஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். நிறைய எழுதியிருக்கிறது, உங்களுக்கு வேண்டியது இரண்டு இடந்தான் என்றார். வாங்குகிறவர் மாட்டை ஏற்றுக்கொள்ளும் வரைக்கும் நஷ்டம் விற்கிறவருடையது. அது ஒன்று. தகராறு என்று வந்தால் வழக்கு நாகப்பட்டினம் கோர்ட்டில்தான் போடவேண்டும். அது இன்னொன்று.

"அப்ப மாடு செத்தது கடல்ல, வழக்கு நாகப்பட்டினத்துல, பால் கேக்கிறது கிள்ளான்ல" என்றார் பக்கிரிசாமி.

"வெளிநாட்டு வியாபாரம்னா அப்படித்தான் அண்ணே. காயிதம் எழுதுறவன் தன் வீட்டு வாசல்லயே கோர்ட்டை வெச்சுக்குவான்."

ஏற்றுக்கொள்வது என்றால் என்ன என்று நான் கேட்டேன். அதுதான் கேள்வி என்றார் அவர். கையெழுத்துப் போட்டு வாங்குவதாகவும் இருக்கலாம், இது என்னுடையது என்று காட்டுகிற மாதிரி எதையாவது செய்வதாகவும் இருக்கலாம், அந்தந்தத் தொழில் வழக்கத்தையும் பார்ப்பார்கள் என்றார்.  தொழில் வழக்கம் என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்போது பக்கிரிசாமி ஒரு வழி கண்டுபிடித்தார். கயிறு எங்களுடையதே இல்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றார். சிவப்புச் சேலை ஊரில் எவள்தான் கட்டவில்லை. இக்னேஷியஸ் அவரை உற்றுப் பார்த்தார்.

"சொல்லலாம். ஆனா கயிறு உங்களுது இல்லன்னா, சிவலையும் நாகப்பட்டினத்துல உங்களுது இல்ல. அப்புறம் கப்பல்ல பொறந்த கன்ன எப்படிக் கேப்பீங்க? ரெண்டுல ஒண்ணுதான் அண்ணே. செத்த மாட்டுக்கு ஒரு நாக்கு, பொறந்த கன்னுக்கு ஒரு நாக்குன்னு வெச்சுக்க முடியாது."

இந்த ஆள் அவன் பக்கம்தான் என்று ரயிலில் வரும்போது பக்கிரிசாமி என் காதில் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் கிராணிகளை நானும் நம்புகிறவன் இல்லை. 

மிச்ச நாளெல்லாம் மழை. பக்கிரிசாமி புதுக் கூரைக்கு அத்தாப்பு கட்டினார். கட்டிக்கொண்டே தனக்குத்தானே பேசினார். பவுனம்மாள் தினம் ஒரு கட்டுப் புல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்து போய்க் கம்பி வழியாகப் போட்டுவிட்டு வந்தாள். என் வண்டியில் வா என்றால் வரமாட்டாள். காவல்காரனுக்கு வெற்றிலை கொடுத்து, அவன் சிவலையைத் தினம் கொஞ்சம் கறந்து கன்றுக்கு விடுவதை வேலியோரத்தில் நின்று பார்த்தாளாம். போகிற நேரத்தில் நாகையா கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தால் அவனுடைய இடுப்பையே பார்த்துக்கொண்டு போவாள். ஊரில் இரண்டு பேர் அதைக் கவனித்து என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள்.

பத்தாம் நாள் பட்டியைத் திறந்தார்கள். அன்று மழை விட்டிருந்தது. சதுப்பு நாற்றமும் கரிப்புகையும் கலந்த காற்று. பட்டி வாசலில் ஒரு மேசை போட்டு இக்னேஷியஸ் உட்கார்ந்திருந்தார். யார் எத்தனை மாடு ஓட்டிப்போகிறார்கள் என்று எழுத வேண்டியது அவர் வேலை. நாகையா காகிதத்தை மேசையில் விரித்து, அதன் மேல் அந்தக் கயிற்றையும் வைத்தான். மூன்று மாட்டுக்கு எழுதுங்கள், செத்தது அண்ணனுடைய கணக்கு, கன்று எங்கள் முதலாளியுடையது என்றான்.

பக்கிரிசாமி முன்னால் போய், அது எங்கள் கயிறே இல்லை என்றார்.  பட்டிக்குள்ளே அதே சிவப்பு இழையோடு மூன்று மாடு நின்றுகொண்டிருந்தது. நாகையா கையால் அவற்றைக் காட்டினான். 

பவுனம்மாள் புருஷனைத் தாண்டி மேசைக்கு வந்தாள். கயிற்றை எடுத்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் விரலை ஓட்டினாள். ஒரு இடத்தில் நிறுத்தி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என் கயிறுதான். கிராணியாரே, எழுதிக்குங்க. எங்க தம்பி நாகப்பட்டினத்துல கட்டினான். ஏறுறப்பவே நாலும் எங்க மாடு."

பக்கிரிசாமி அவள் தோளைப் பிடித்து இழுத்தார். உனக்குப் பைத்தியமா என்றார். அவள் திரும்பவில்லை.

"அப்ப சிவலை வயித்துல இருந்த கன்னு?"

"தாய் உங்களுதுன்னா கன்னும் உங்களுதுதான் அக்கா" என்றார் இக்னேஷியஸ்.

நாகையா கொஞ்சம் யோசித்தான். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கன்று எவ்வளவு பெறும், மயிலை எவ்வளவு பெறும் என்று அவனுக்குத் தெரியாதா. "எடுத்துக்குங்க அக்கா. கன்னோட சந்தோசமா போங்க. மயிலை உங்களுதுன்னு ஒத்துக்கிட்டீங்களே, அது போதும்" என்றான். அதையும் எழுதுங்கள் என்று கிராணியிடம் விரலால் தட்டிக் காட்டினான். இக்னேஷியஸ் எழுதினார். நாகையா கீழே கையெழுத்துப் போட்டான். பக்கிரிசாமி எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கே அவள் மேல் கோபம் வந்தது.

அவள் இன்னும் கயிற்றைக் கீழே வைக்கவில்லை.

"நாகையா அண்ணே, மயிலை செத்தது ராத்திரிதானே?"

"ராத்திரிதான் அக்கா. கும்மிருட்டு."

"உப்பிப்போய்க் கெடந்துச்சு. கலாசிங்க அவசரமா தள்ளினாங்க."

"ஆமா."

"அப்ப இத யாரு உக்காந்து அவுத்தது?"

கயிற்றை இக்னேஷியஸ் முன்னால் வைத்து, முடிச்சு இருந்த இடத்தைக் காட்டினாள். நார் நெளிந்து இருந்தது. ஆணியோ ஊசியோ வைத்துக் குத்தி, பொறுமையாக நெம்பி நெம்பி இளக்கின தடம் புரியெல்லாம் இருந்தது. எங்கேயும் வெட்டு இல்லை. நானும் குனிந்து பார்த்தேன். உப்புத் தண்ணீரில் ஊறின தேங்காய் நார் முடிச்சு கல்லாக இறுகிவிடும். பட்டிக்குள் நிற்கிற மூன்று மாட்டின் கயிற்றையும் அரிவாள் இல்லாமல் எடுக்க முடியாது. செத்து வீங்கின மாட்டின் கழுத்தில், ஆடுகிற கப்பலில், இருட்டில், எவன் உட்கார்ந்து ஆணியால் நெம்புவான்? அப்படி நெம்புகிறவன் ஒருவன்தான். உயிரோடு நிற்கிற மாட்டை விற்கிறவன். கயிறு அவன் கையைவிட்டுப் போகக்கூடாது. வெட்டவும் கூடாது. அது ரத்தத்தில் ஊறின பழக்கம்.

நாகையாவுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. கயிறு உங்கள் சாமானாயிற்றே, வீணாக்கக்கூடாது என்றுதான் என்று சொன்னான்.

"பத்துக் காசுக் கயிறு" என்றாள் அவள். "பெரிய மனசு ஒங்களுக்கு."

பிறகு இக்னேஷியஸைப் பார்த்துக் கேட்டாள். பினாங்கில் எத்தனை மாடு இறங்கவேண்டும். அவர் தன் புத்தகத்தைப் புரட்டினார். நாகப்பட்டினத்தில் ஏறியது முப்பது. பினாங்குக்கு இருபது. இங்கே பத்து. இங்கே இறங்கியது ஒன்பது.

"பினாங்குல எறங்குனது இருவதா இருவத்தொண்ணானு கேக்க முடியுமா?"

"அங்கயும் என்னை மாதிரி ஒரு கிராணி எண்ணியிருப்பான். இன்னிக்குக் கடுதாசி போட்டா மூணு நாள்ல பதில் வந்துடும்."

நாகையா உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். ஏதோ தப்பு நடந்திருக்கலாம், அப்படியே இருந்தாலும் காகிதத்தில் எழுதியிருக்கிற மாதிரி நாகப்பட்டினம் கோர்ட்டுக்கு வாருங்கள் என்றான். அங்கே எங்கள் முதலாளி பார்த்துக்கொள்வார் என்றான். அப்போதுதான் அவள் அவனை முதல் தடவையாக ஒருமையில் பேசினாள்.

"உன் மாட்ட நீ வித்தா அது வியாபாரம். வாக்கு தவறினேன்னு நான் நாகப்பட்டினத்துக்கு வரணும். ஆனா அது என் மாடுன்னு நீதான் பத்து நாளா சொல்ற. இப்ப கையெழுத்தும் போட்டுட்ட. என் மாட்ட நீ வித்தா அதுக்குப் பேரு என்ன? கிராணியாரே, திருட்டுக்கும் நாகப்பட்டினம்தானா?"

இக்னேஷியஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பயந்த மனுஷர். ஆனாலும் சொன்னார். "இல்லக்கா. அது இந்தக் காயிதத்துல அடங்காது. அதுக்கு இங்கயே ஸ்டேஷன் இருக்கு."

இன்னொன்றும் சொன்னார், அவளுக்காக. ஸ்டேஷனுக்குப் போனால் வழக்கு முடிகிறவரைக்கும் மூன்று மாட்டையும் கன்றையும் இங்கேயே பட்டியில் நிறுத்திவைப்பார்கள், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார். அன்று தேதி இருபத்தெட்டு.

 பட்டிக்குள் ஒரு மாடு கத்தியது. நாகையா வேலியில் சாய்ந்து அவன் முதலாளியின் ஆறு மாட்டையும் பார்த்தான். பிறகு, அக்கா, நாமெல்லாம் ஒரு ஊர்க்காரர்கள் என்று ஆரம்பித்தான். அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஆறில் ஒன்றைத் தா என்றாள்.

அவன் பளபளவென்று ஒரு கருப்பு மாட்டை முன்னால் தள்ளிவிட்டான். பவுனம்மாள் அதைத் தொடவே இல்லை. பின்னால் மூலையில் எலும்பு தெரிய நின்ற ஒரு செம்மறைப் பசுவிடம் போனாள். கன்றோடு வந்த மாடு அது. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். வாலைத் தூக்கிப் பார்த்தாள். நாலு காம்பையும் ஒவ்வொன்றாகப் பீச்சி, உள்ளங்கையில் விழுந்ததை முகர்ந்து பார்த்தாள். இதுதான் என்றாள். கன்றோடு. நாகையாவின் முகம் போன போக்கைப் பார்த்து, சரியான மாட்டைத்தான் பிடித்திருக்கிறாள் என்று எனக்கே தெரிந்தது.

இப்போது நாகையா, எல்லாம் தீர்ந்தது என்று ஒரு காகிதம் எழுதிக் கைநாட்டு வையுங்கள் என்றான். மாடு முதலில் வாசலைத் தாண்டட்டும் என்றாள் பவுனம்மாள். நாலு மாடும் இரண்டு கன்றும் வெளியே வந்து ரோட்டில் ஏறி, என் வண்டிக்குப் பின்னால் நின்ற பிறகுதான் மேசைக்குத் திரும்பிப் போய் விரலை வைத்தாள். அதற்கு முன்னால் இக்னேஷியஸை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். என்னை ஒரு தடவை கேட்கச் சொன்னாள்.

திரும்புகிற வழியில் ஒரு மைல் வரைக்கும் பக்கிரிசாமி மாடுகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார், அவன் பினாங்கில் விற்றது உனக்கு எப்படித் தெரியும் என்று. கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடம் வெக்கை நோயைப் பற்றிக் கேட்ட அதே தொனி.

"தெரியாது" என்றாள் அவள். "கயித்த வெட்டல. அவ்வளவுதான் தெரியும்."

அவர் அதை நம்பவில்லை. கொஞ்ச தூரம் போய், அந்தக் கிராணி உனக்கு முன்னாலேயே ஏதாவது சொன்னானா என்று கேட்டார். அவள் சிவலையின் கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். மயிலை செத்ததா, இல்லை பினாங்கில் எவன் வீட்டிலோ பால் கறந்துகொண்டு நின்றதா, எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. நாகையா அடுத்த கப்பலில் வரவில்லை. வேறு ஆள் வந்தான். அவனும் சிரித்தான்.

முதல் தேதி காலை விடிகிற நேரத்தில் அந்தக் கொட்டகையில் கறக்கிற சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. முதலில் தகரத்தில் விழுகிற சத்தம், அப்புறம் நுரையில் விழுகிற சத்தம். சிவலையும் செம்மறையும் சேர்ந்து பதினோரு போத்தல். அன்று பக்கிரிசாமியோடு பவுனம்மாளும் ஆசுபத்திரிக்கு வந்தாள். வழியில் அவர் கை வாய்க்கால் தண்ணீர் பக்கம் போகக்கூடாது என்று பால் ஏனத்தை அவளே தூக்கிக்கொண்டாள். நான் புல்வண்டியோடு பின்னால் போனேன்.

டிரஸர் பாலைப் பார்த்தார். கண்ணாடிக் குழலில் ஊற்றி, பால் பார்க்கிற குச்சியை விட்டார். குச்சி உயரத்தில் நின்றது. அவர் முகம் சுருங்கியது. எடுத்துத் துடைத்து மறுபடி விட்டார். மறுபடியும் அங்கேயே நின்றது. இத்தனை வருஷத்தில் உன் பால் இந்தக் கோட்டுக்கு வந்ததே இல்லை, இன்றைக்கு இதில் என்ன கலந்திருக்கிறாய், மாவா என்று பக்கிரிசாமியைக் கேட்டார். பக்கிரிசாமி வாழ்நாளில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். ஒன்றும் கலக்கவில்லை என்றார். டிரஸர் நம்பவில்லை. மூன்றாவது தடவையும் குச்சியை விட்டார்.

பவுனம்மாள் குச்சியைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அளக்கிற செம்பு எது, அதன் அடி நசுங்கியிருக்கிறதா, ஊற்றும்போது நுரையையும் சேர்த்து அளக்கிறாரா என்று.